குவாங்சோ போறோம், அப்பாவும் கூட வர்றார்: மெட்ரோ, சாப்பாடு, பணம் எல்லாம் எப்படிச் சமாளிக்கிறது?

முந்திரிக்காடு (பண்ருட்டி):

எல்லாருக்கும் வணக்கம். பண்ருட்டிப் பக்கம் சின்னதா முந்திரி யூனிட் வச்சிருக்கோம். வேக்குவம் பேக்கிங் மெஷின் பார்க்கறதுக்காக ஏப்ரல்ல சீனாவுல குவாங்சோங்கற ஊர்ல நடக்கிற கேண்டன் ஃபேர்ங்கற வியாபாரக் கண்காட்சிக்குப் போகலாம்னு இருக்கோம். அதைக் கட்டம் கட்டமா நடத்தறாங்க, மெஷினெல்லாம் முதல் கட்டத்துலதானாம், ஏப்ரல் 15லேர்ந்து 19 வரைக்கும். சித்திரை ஒண்ணு அன்னிக்கு வீட்டை விட்டுக் கிளம்பக் கூடாதுன்னு அம்மா ஒத்தைக் கால்ல நிக்கறாங்க. அது தனிப் பஞ்சாயத்து.

விஷயம் என்னன்னா, அப்பாவும் வர்றார். 64 வயசு. முட்டி வலி. சுத்த சைவம், முட்டை கூடத் தொட மாட்டார். போன்ல பச்சைப் பட்டன், சிவப்புப் பட்டன் தவிர வேற எதையும் அமுக்கறது கிடையாது. ஆனா மெஷின் ஓடற சத்தத்தை வச்சே எந்த பேரிங் போகப் போகுதுன்னு சொல்லிடுவார். அவர் இல்லாம நான் மட்டும் போயி ஒரு பிரயோஜனமும் இல்ல.

சென்னையிலேர்ந்து எந்த வழியா போறது நல்லது? ஏர்போர்ட்லேர்ந்து ஊருக்குள்ள மெட்ரோவா டாக்சியா? நம்ம ஊர் கார்டு அங்க வேலை செய்யாது, வாட்ஸ்அப் வராதுன்னு ஆளாளுக்குப் பயமுறுத்தறாங்க. போயிட்டு வந்தவங்க யாராவது சொல்லுங்க.

விளக்குக்கடை (புதுச்சேரி):

தம்பி, நான் முத்தியால்பேட்டையில லைட் கடை வச்சிருக்கேன். குவாங்சோவுக்குப் பக்கத்துல குசென்னு ஒரு ஊர், ஊர் முழுக்க லைட்டு வியாபாரம்தான். அதுக்காக அந்தப் பக்கம் போக வர இருக்கேன். ஃபேர்ல லைட்டும் உங்க மெஷினும் ஒரே கட்டத்துலதான் வரும்.

மொழி தெரியாதேன்னு எல்லாரும் பயப்படறாங்க. மொழியால அங்க யாரும் மாட்டிக்கறதில்ல, போனாலதான் மாட்டிக்கறாங்க. பர்ஸ், மேப், டிக்கெட், வாய் எல்லாமே அங்க போன்தான். அதனால போனை இங்கேயே தயார் பண்ணிட்டுக் கிளம்புங்க.

முதல்ல அலிபே, நம்ம ஜிபே மாதிரி பணம் கட்டற ஆப். பாஸ்போர்ட் போட்டோ ஏத்தி, விசா கார்டையோ மாஸ்டர்கார்டையோ அதுல சேர்க்கணும். 2023லேர்ந்து வெளிநாட்டுக் கார்டை நல்லா எடுத்துக்கறான். கார்டுல வெளிநாட்டுப் பயன்பாடு ஆன் ஆகியிருக்கான்னு பேங்க் ஆப்ல பார்த்துக்கங்க, நிறைய பேர் கோட்டை விடற இடம் அதுதான். ஒரு தடவைக்கு 200 யுவானுக்கு உள்ள செலவு பண்ணினா கட்டணம் கிடையாது, அதுக்கு மேல போனா 3 சதவீதம் பிடிப்பான். அதனால ஓட்டல் வாடகை மாதிரி பெரிய தொகையை மட்டும் கார்டாவே தேய்க்க முடியுமான்னு கேளுங்க. ஓடிபி நம்ம ஊர் நம்பருக்குத்தான் வரும். அந்த சிம்மைக் கழட்டி வீட்டு அலமாரியில வச்சிட்டுப் போயிடாதீங்க, ரோமிங் போட்டு எடுத்துட்டுப் போங்க.

ரோமிங் போட இன்னொரு காரணமும் இருக்கு. கூகுள், வாட்ஸ்அப், ஜிமெயில், யூடியூப் எதுவும் அங்கத்த வைஃபையில வராது. நம்ம சிம்மோட ரோமிங் டேட்டா நம்ம கம்பெனி வழியாவே சுத்திப் போறதால அதுல வாட்ஸ்அப் ஓடும். ஓட்டல் வைஃபை இலவசமாச்சேன்னு மாத்தினீங்கன்னா அந்த நிமிஷமே எல்லாம் செத்துடும். இந்த ஒரு விஷயம் புரியாம எத்தனையோ பேர் "சீனாவுல இன்டர்நெட்டே இல்ல"ன்னு சொல்லிட்டு வர்றாங்க. அங்கத்த வாட்ஸ்அப் மாதிரி இருக்கற வீசாட்டை நம்ம கவர்மென்ட் 2020 ஜூன்லயே தடை பண்ணிடுச்சு. இந்தியாவோட வியாபாரம் பண்ற சீனாக்காரன் பெரும்பாலும் வாட்ஸ்அப் வச்சிருப்பான், விசிட்டிங் கார்டு வாங்கும்போதே கேட்டுக்கங்க.

மேப்புக்குக் கூகுளை நம்பாதீங்க, சீனாவுல ரோடு ஒரு பக்கம் இருக்கும், அது காட்டற புள்ளி வேற பக்கம் இருக்கும். ஆமேப்புன்னு அவங்களோடது, ஆங்கிலத்துலயும் வருது. ஐபோன் வச்சிருந்தா அதுல இருக்கற மேப்பே போதும்.

இப்போ அப்பா. அவரை நினைச்சாதான் எனக்குக் கொஞ்சம் யோசனையா இருக்கு. போன் தொடாத ஆள் அந்த ஊர்ல கூட்டத்துல பிரிஞ்சிட்டார்னா டீ கூட வாங்கிக் குடிக்க முடியாது. பணம் கொடுத்தா வாங்கணும்னு சட்டம் இருக்கு, ஆனா கடைக்காரன் கிட்ட சில்லறை இருக்காது. ஓட்டல்ல செக்-இன் பண்ணின உடனே ரிசப்ஷன்ல சீன எழுத்துல விலாசம் அடிச்ச கார்டு ரெண்டு வாங்குங்க. ஒண்ணு அப்பா சட்டைப் பையில, கூடவே பத்து, இருபது யுவான் நோட்டா ஒரு முந்நூறு, உங்க போன் நம்பர் எழுதின துண்டுச் சீட்டு. அந்தக் கார்டை எந்த டாக்சிக்காரன் கிட்ட நீட்டினாலும் கொண்டு வந்து விட்டுடுவான். அங்கத்த ஜனங்க ரொம்ப நல்லவங்க, வயசானவர் முழிச்சிட்டு நின்னா நாலு பேர் வந்து விசாரிப்பாங்க.

ஃப்ளைட்டு: சென்னையிலேர்ந்து குவாங்சோவுக்கு நேரா இப்போதைக்கு இல்ல. 2020ல நின்னு போன நேரடி விமானம் 2025 அக்டோபர் கடைசியில கொல்கத்தாலேர்ந்து இண்டிகோவுல திரும்ப ஆரம்பிச்சுது, அடுத்த மாசமே டெல்லிலேர்ந்தும் விட்டாங்க. நமக்குக் கொல்கத்தா மாறிப் போறது ஒரு வழி, கோலாலம்பூரோ சிங்கப்பூரோ மாறறது இன்னொரு வழி. அப்பா முட்டிக்கு நான் சொல்றது, விலையைப் பார்க்காதீங்க, மாறற இடத்துல மூணு மணி நேரம் கிடைக்கிறதா பார்த்து வாங்குங்க. வீல்சேர் வேணும்னு டிக்கெட் போடும்போதே குறிச்சிடுங்க.

பையூன் ஏர்போர்ட்டுக்குள்ளேயே மெட்ரோ இருக்கு, லைன் 3. குவாங்சோக்காரங்களே அந்த லைனைத் திட்டிக்கிட்டுத்தான் ஏறுவாங்க, அவ்ளோ கூட்டம். தியூ சிலூன்னு ஒரு ஸ்டேஷன், சாயங்காலம் ஆறு மணிக்கு அங்க ஏறவும் முடியாது, இறங்கவும் முடியாது. பெட்டி படுக்கையோட, முட்டி வலியோட அது வேண்டவே வேண்டாம். இறங்கின அன்னிக்கு டாக்சிதான். வெளியில வந்ததும் "டாக்சி, டாக்சி"ன்னு ரெண்டு மூணு பேர் பின்னாலயே வருவாங்க. அவங்களைத் திரும்பிக் கூடப் பார்க்காம, போர்டு வச்ச டாக்சி வரிசையில போயி நின்னு, சீன எழுத்துல இருக்கற ஓட்டல் விலாசத்தைக் காட்டுங்க. மீட்டர் போட்டுத்தான் ஓட்டுவான். ஊருக்குள்ள சுத்தறதுக்கு டிடி, நம்ம ஓலா மாதிரி. அது அலிபே உள்ளேயே இருக்கு, தனியா ஒரு ஆப் வேண்டாம். டிரைவர் சீனத்துல மெசேஜ் அனுப்பினா ஆங்கிலமாக்கிக் காட்டும்.

மத்தபடி மெட்ரோ அருமை. 2 யுவான்லேர்ந்து டிக்கெட். ஸ்டேஷன் வாசல்ல ஒவ்வொரு தடவையும் பையை மெஷின்ல விட்டுத்தான் உள்ள போகணும், அப்பா பையில வெத்தலைப் பாக்கு வெட்டற கத்தி கித்தி இருந்தா ரூம்லயே வச்சிடச் சொல்லுங்க. அலிபேல குவாங்சோ ஊரைத் தேர்ந்தெடுத்தா மெட்ரோவுக்குன்னு ஒரு க்யூஆர் வரும், அதைக் கேட்ல காட்டினா போதும். ஆனா ஒரு போன்ல ஒரு ஆள்தான் போக முடியும். அப்பாவுக்கு மெஷின்ல டோக்கன் எடுத்துக் கொடுங்க. வட்டமா ஒரு பிளாஸ்டிக் வில்லை வரும். போகும்போது கேட் மேல வைக்கணும், வெளிய வரும்போது அதோட வாய்க்குள்ள போட்டுடணும். முதல்ல அப்பாவை உள்ள அனுப்பிட்டு அப்புறம் நீங்க போங்க. நீங்க முதல்ல போயிட்டு அவர் அந்தப் பக்கம் வில்லையைக் கையில வச்சிக்கிட்டு நின்னா, கேட்டுக்கு ரெண்டு பக்கமும் நின்னு கத்த வேண்டியதுதான்.

ஒரு ஸ்டேஷனுக்கு ஏ, பி, சி, டின்னு வாசல் இருக்கும். எந்த வாசல்னு தெரியாம வெளிய வந்தா எட்டு வழிச் சாலைக்கு அந்தப் பக்கம் நிப்பீங்க. இறங்கறதுக்கு முன்னாலயே மேப்புல எழுத்தைப் பார்த்து வச்சிக்கங்க. எல்லா வாசல்லயும் எஸ்கலேட்டர் கிடையாது, லிஃப்ட் எந்தப் பக்கம்னு சுவத்துல படம் இருக்கும்.

ஃபேர் நடக்கிறது பாசோவுல, லைன் 8. ஏ பகுதிக்கு சின்காங்டொங் ஸ்டேஷன், பி பகுதிக்கு பாசோ ஸ்டேஷன். இந்த ரெண்டையும் மாத்தி இறங்கினா காலையிலேயே அரை மணி நேரம் நடை. பேட்ஜுக்கு இங்கேயே ஆன்லைன்ல பதிஞ்சிட்டுப் போங்க. விசாவுக்கு இன்விடேஷன் லெட்டரும் ஃபேர் வெப்சைட்லயே எடுக்கலாம்.

கடைசியா ஒண்ணு. பிளாட்பாரத்துல நடக்கும்போது பின்னால பார்த்துக்கங்க. கரன்ட் ஸ்கூட்டர் எல்லாம் சத்தமே இல்லாம பிளாட்பாரத்து மேலேயே வரும், ஹாரன் கூட அடிக்க மாட்டான். சத்தத்தை வச்சே எல்லாத்தையும் கண்டுபிடிக்கிற உங்க அப்பாவுக்கு அது பெரிய சிக்கல்.

துறைமுகத்தான் (பரங்கிப்பேட்டை):

அக்கா முக்கால்வாசி சொல்லிட்டாங்க, சாப்பாட்டை நான் சொல்றேன். எங்க குடும்பம் துணி, கைக்கடிகாரம்னு குவாங்சோவுல சரக்கு எடுக்கறவங்க. நாங்க தங்கறது எப்பவும் ஷியாவ்பெய், லைன் 5ல. ஆப்பிரிக்காக்காரர், அரபு நாட்டுக்காரர், நம்ம ஆளுங்க எல்லாரும் சுத்தற ஏரியா. ஹலால் சாப்பாட்டுக்குப் பஞ்சமே இல்ல. இந்தியன் ஓட்டல்களும் அந்தப் பக்கம்தான். அப்பாவுக்குப் பருப்பும் சப்பாத்தியும் கிடைச்சிடும்.

வெளியில சைவம்னு சொன்னா "சரி, சரி"ன்னு தலையாட்டிட்டுக் கீரையைக் கொண்டாந்து வைப்பான். பார்த்தா கீரைதான். ஆனா வதக்கினது பன்னிக் கொழுப்புல இருக்கலாம், மேல ஊத்தினது சிப்பி சாஸா இருக்கலாம். ஏமாத்தறான்னு அர்த்தம் இல்ல, அவனுக்கு அது சைவம். அதனால "இறைச்சி, மீன், முட்டை, சிப்பி சாஸ், விலங்குக் கொழுப்பு, எலும்புச் சாறு எதுவும் வேண்டாம்"னு முழுசா சீனத்துல எழுதின படத்தை போன்ல வச்சிக்கிட்டு அடுப்படி ஆளுக்கே காட்டுங்க. புத்தர் கோயில் பக்கத்துல சுத்த சைவ ஓட்டல் இருக்கும், அங்க தைரியமா உக்காரலாம். கறி மாதிரியே இருக்கும், எல்லாம் சோயாவுல செஞ்சது. உங்க அப்பா முகத்தைச் சுளிக்கக் கூடாது, அவ்ளோதான்.

ரூம்ல கெட்டில் கட்டாயம் இருக்கும். ரவா உப்புமா மிக்ஸ், பருப்புப் பொடி, ஊறுகாய் எடுத்துக்கங்க. பலாச்சுளை கொண்டு போய் கம்பெனிக்காரனுக்குக் கொடுத்து அசத்தலாம்னு தோணும், பண்ருட்டிக்காரராச்சே. பழம், பால் பொருள், கறி எதுவும் சீனாவுக்குள்ள எடுத்துட்டுப் போகக் கூடாது, ஏர்போர்ட்ல பிடுங்கிடுவான். குடிக்கச் சுடுதண்ணி எங்க வேணும்னாலும் கிடைக்கும். அந்த ஊர்க்காரங்க சாதாரணமாவே சுடுதண்ணிதான் குடிப்பாங்க, அப்பாவுக்குச் சௌகரியம். டிஷ்யூ பேப்பர் மட்டும் பையில எப்பவும் வச்சிக்கங்க, பொதுக் கழிப்பறையில பாதி இடத்துல இருக்காது.

இன்னொரு விஷயம். திரும்பும்போது ஹாங்காங்கையும் ஒரு எட்டு பார்த்துட்டு வரலாம்னு ஆசைப்படுவீங்க. குவாங்சோ சவுத் ஸ்டேஷன்லேர்ந்து அதிவேக ரயில்ல ஒரு மணி நேரந்தான், 2018லேர்ந்து ஓடுது. ஆனா சிங்கிள் என்ட்ரி விசாவுல ஹாங்காங்குக்குள்ள போயிட்டா திரும்ப சீனாவுக்குள்ள வர முடியாது. குவாங்சோவுலேர்ந்துதான் ஊருக்கு ஃப்ளைட்டுன்னா டபுள் என்ட்ரி கேட்டு வாங்குங்க. ஹாங்காங்குக்கு நம்ம பாஸ்போர்ட்டுக்கு விசா வேண்டாம், ஆனா ஆன்லைன்ல முன்பதிவு பண்ணி அந்தச் சீட்டை பிரின்ட் எடுத்துட்டுப் போகணும். இலவசம்தான். அப்பாவுக்குத் தனி, உங்களுக்குத் தனி.

சீனாவுக்குள்ள எந்த ரயில்னாலும் பாஸ்போர்ட் அசல் கையில இருக்கணும். டிக்கெட்டே பாஸ்போர்ட் நம்பர்லதான். ஆள் நிக்கற வழியில போங்க, தானியங்கி கேட் அந்த ஊர்க்காரங்க கார்டுக்கு.

சும்மா_ஒரு_யோசனை (வில்லியனூர்):

இவ்ளோ தலைவலி எதுக்கு? ஃபேருக்குன்னே பேக்கேஜ் போடறாங்க. விசா, ஓட்டல், பஸ், சைவச் சாப்பாடு எல்லாம் அவங்க பொறுப்பு. வயசானவரை வச்சிக்கிட்டு மெட்ரோல தொங்கறதுக்கு, பேசாம காசைக் கட்டிட்டு உக்காந்து போகலாமே.

விளக்குக்கடை (புதுச்சேரி):

வில்லியனூர் சொல்றதுல தப்பில்ல, சில பேருக்கு அதுதான் சரி. எனக்கு ஒத்து வரல. எங்க சங்கத்துக்காரங்களோட ஒரு குரூப்ல போனப்போ, விலை குறையணும்னு ஊருக்கு வெளியில எங்கேயோ ஓட்டல் போட்டிருந்தாங்க. காலையில பஸ் எல்லாரும் வந்தப்புறம்தான் எடுக்கும், யாராவது ஒருத்தர் குளிச்சிட்டே இருப்பார். ஹாலுக்குள்ள நுழையும்போது மணி பதினொண்ணு. சாயங்காலம் நாலரைக்கே "பஸ் கிளம்புது"ன்னு குரூப்ல மெசேஜ். ஒரு கம்பெனிக்காரன் கிட்ட விலை பேசி முடிக்கப் போற நேரத்துல எழுந்து ஓட வேண்டியதாப் போச்சு. நடுவுல கேட்காமலே ஒரு பட்டுக் கடை, ஒரு டீ கடைன்னு கூட்டிட்டுப் போயி உக்கார வச்சாங்க. ஊர் பார்க்கப் போறவங்களுக்கு அது பரவாயில்ல. மெஷின் முன்னாடி நின்னு அரை நாள் சத்தம் கேக்கணும்னு நினைக்கிறவருக்கு ஆகாது.

விசாவை மட்டும் ஏஜென்ட் கிட்ட விடுங்க. சென்னையில சீனத் தூதரக ஆபீஸ் கிடையாது, டெல்லி, மும்பை, கொல்கத்தாதான். அதுக்காக நீங்க அலைய வேண்டாம்.

முந்திரிக்காடு (பண்ருட்டி):

அக்கா, பாய், ரொம்ப நன்றி. அப்பாவுக்கு வாசிச்சுக் காட்டினேன். ஸ்கூட்டர் கதையைக் கேட்டு "அதையும் பார்த்துடலாம்"னு சிரிக்கறார். ரெண்டு சந்தேகம். ரூம் பாசோவுலேயே போடறதா, பாய் சொன்ன ஷியாவ்பெய்லயா? ஷியாவ்பெய்லேர்ந்து போனா அந்த லைன் 3ல மாட்டணுமா? அப்புறம் அம்மா பஞ்சாயத்துக்கு ஏதாவது வழி இருக்கா?

விளக்குக்கடை (புதுச்சேரி):

பாசோவுல ஃபேர் சமயத்துல ரூம் வாடகை எகிறும், சுத்தி சைவச் சாப்பாடும் கஷ்டம். உங்களுக்கு ஷியாவ்பெய்தான். காலையில வேணா வெளியில ஓடலாம், ராத்திரி களைச்சு வந்து அப்பாவுக்குச் சாப்பாடு தேடிட்டு இருக்க முடியாது. புக் பண்ணும்போது வெளிநாட்டுக்காரரை எடுத்துக்குவீங்களான்னு ஒரு வரி கேட்டுக்கங்க. 24 மணி நேரத்துக்குள்ள போலீஸ்ல பதியணும்னு விதி இருக்கு, ஓட்டல்னா பாஸ்போர்ட்டை வாங்கி அவங்களே பண்ணிடுவாங்க. யாராவது தெரிஞ்சவங்க வீட்டுல தங்கினா நீங்களே ஸ்டேஷனுக்குப் போகணும்.

மெட்ரோவுக்கு லைன் 5, அப்புறம் லைன் 3, அப்புறம் லைன் 8னு மேப் ஒரு வழி காட்டினா அதைக் கேக்காதீங்க. லைன் 5லேயே உக்காந்து செபெய்நான் வரைக்கும் போங்க, அங்க லைன் 4 மாறி வான்ஷெங்வெய், அங்கேர்ந்து லைன் 8ல அடுத்த ஸ்டேஷன் பாசோ. சுத்துதான், நேரம் கொஞ்சம் கூட ஆகும். ஆனா லைன் 3ஐத் தொடவே வேண்டாம். நான் சரக்கு சாம்பிள் பையோட போகும்போது அதுலதான் போறது. திரும்பும்போது முடியலன்னா டிடி போட்டுடுங்க. ஹால் வாசல்லயே போடாதீங்க, ஆயிரம் பேர் அங்கேயே நின்னு போட்டுட்டு இருப்பாங்க. ஒரு ஸ்டேஷன் தள்ளி வந்து போடுங்க.

அம்மா விஷயம்: 15ஆம் தேதி முதல் நாள், பேட்ஜ் வரிசையே பெருசா இருக்கும், அன்னிக்கு நீங்க இருந்தே ஆகணும்னு இல்ல. வருஷப் பிறப்பன்னிக்கு வீட்டுல சாப்பிட்டுட்டு, ராத்திரி 12 மணி தாண்டிக் கிளம்பற ஃப்ளைட்டா பாருங்க. 15 ஓய்வு. 16, 17, 18 மூணு நாள் ஹால்ல சுத்தினா தாராளம். 19 மதியத்துக்கு மேல பாதி ஸ்டால்ல ஆளுங்க பெட்டி கட்டிட்டு இருப்பாங்க. அன்னிக்கு ஃபோஷான்ல ஏதாவது ஃபேக்டரி கூப்பிட்டிருந்தா போயிடுங்க, பேக்கிங் மெஷின்காரங்க அங்க நிறைய. குவாங்சோலேர்ந்து மெட்ரோவிலேயே போகலாம்.

நேரம் மிஞ்சினா அப்பாவை ஷாமியன் கூட்டிட்டுப் போங்க, ஹுவாங்ஷா ஸ்டேஷன்ல இறங்கி நடந்தா வந்துடும். ஒரு காலத்துல பிரிட்டிஷ்காரனும் பிரெஞ்சுக்காரனும் வச்சிருந்த சின்னத் தீவு. வண்டித் தொல்லை இல்லாத மரநிழல், பெஞ்சு, பழைய வெள்ளைக்காரன் கட்டடம். நம்ம புதுச்சேரி பீச் ரோடு பக்கத்துத் தெருவுல நடக்கற மாதிரியே இருக்கும், கடல் மட்டும் இல்ல, ஆறு. லைன் 8ல ஹுவாலின் கோயில்னு ஸ்டேஷனே இருக்கு. போதிதர்மர் கப்பல்ல வந்து இறங்கின இடம்னு அந்த ஊர்க்காரங்க கொண்டாடற கோயில். காஞ்சிபுரத்துக்காரர் கோயில்னு சொல்லுங்க, அப்பா முட்டி வலியை மறந்துட்டு நடப்பார். 600 மீட்டர் கேண்டன் டவரை ஆத்துல படகுல போகும்போதே பார்த்துக்கலாம், மேல ஏறப் போற காசுக்கு ரெண்டு நாள் சாப்பாடு ஆகிடும்.

துறைமுகத்தான் (பரங்கிப்பேட்டை):

ஒண்ணு விட்டுப் போச்சு. சீனாவுக்குள்ள இன்னொரு ஊருக்கு ஃப்ளைட்ல போறதா இருந்தா, நம்ம ஊர் பவர் பேங்க்கை நம்பி எடுத்துட்டுப் போகாதீங்க. அவங்க ஊர் பாதுகாப்புச் சான்றான 3சி முத்திரை இல்லாத பவர் பேங்க்கை உள்நாட்டு விமானத்துல ஏற்ற மாட்டாங்க, 2025 ஜூன் கடைசியிலேர்ந்து அந்த ரூல். ரயில்ல போனா பிரச்சினை இல்ல. ஊருக்குள்ள சார்ஜ் தீர்ந்தா கவலை வேண்டாம், கடைக்குக் கடை வாடகை பவர் பேங்க் பெட்டி வச்சிருப்பான். அலிபேல ஸ்கேன் பண்ணி எடுத்துக்கிட்டு, வேற எந்தக் கடைப் பெட்டியில வேணும்னாலும் திருப்பிச் சொருகிடலாம். ஆனா ஸ்கேன் பண்றதுக்காவது போன்ல உயிர் இருக்கணும், 20 சதவீதம் வந்தவுடனே எடுத்துடுங்க.